அத்தை வரைந்த வெங்காயம்

ஒன்பது வயதில் எனக்குச் செஞ்சியில் ஒரு பெயர் இருந்தது. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை; பின்னால் நடந்தது விளங்க வேண்டுமானால் முதலில் இது தெரிந்திருக்க வேண்டும். நான்காம் வகுப்பின் தலைவன் நான். தலைமையாசிரியர் தம் கையாலேயே என் சட்டையின் மார்புப் பக்கம் விரல் நீளச் சிவப்பு நாடா ஒன்றை ஊக்கால் குத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதை நான் கழற்றியதில்லை. வகுப்பில் சிலேட்டு உடைந்தாலும் மைக்கூடு கவிழ்ந்தாலும் ஆசிரியர் பிரம்பை எடுப்பதற்கு முன் என்னைத்தான் கேட்பார். நான் சொன்னதே தீர்ப்பு. கடைவீதியில் நெல் மண்டி வைத்திருந்த எங்கள் நைனா பேச்சில் மிகச் சிக்கனமானவர். அவரே ஒருமுறை விருந்தினர் முன்னிலையில், "எம்புள்ள பொய் சொல்ல மாட்டான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊரார் நயினார் என்று அழைக்கும் சமணக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

பிற்காலத்தில் நான் பட்டம் பெற்றதும், கல்லூரியில் வரலாறு கற்பித்ததும், உறவில் ஒரு வழக்கென்றால் இன்றும் என் சொல்லை எதிர்பார்த்து நாலு பேர் காத்திருப்பதும் அந்தப் பெயரின் மேல் எழுந்த கட்டடமே. அந்தக் கட்டடத்தின் அடியில் ஒரு வெங்காயம் கிடக்கிறது. அதைத் தோண்டியெடுக்க எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

எங்கள் வீடுகளில் வெங்காயம் நுழையாது. மண்ணுக்கு அடியில் விளையும் எதுவும் நுழையாது. ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கின்றன என்பது எங்கள் முன்னோர் கண்ட தெளிவு. பொழுது சாய்வதற்குள் இராச்சாப்பாட்டை முடித்துவிடுவதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பதும், நடக்கும்போது தரையைப் பார்த்து நடப்பதும் அதே தெளிவின் பகுதிகள். மேல்சித்தாமூரில் இருந்த பெரியப்பா இவற்றில் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பானவர். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் வெங்காயப் பை இருந்ததால் செஞ்சிவரை நின்றுகொண்டே வந்தவர் அவர்.

அத்தை, நைனாவின் கடைசித் தங்கை. பத்தொன்பது வயது. பள்ளியிறுதி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வரைய வேண்டும். செஞ்சிக்கு வெளியூரிலிருந்து வந்து வரைகிறவர்கள் அனைவரும் கோட்டையைத்தான் வரைவார்கள். ராஜகிரி மலையை எதிரில் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் பலகையோடு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண் அப்படி உட்கார முடியாது. ஆகவே அத்தை வீட்டுக்குள் இருந்தவற்றை வரைந்தாள். கரண்டி, அம்மிக்குழவி, ஊறுகாய் ஜாடி. ஒருநாள் நைனாவின் செருப்பை வரைந்தாள்.

"செருப்பப் போயி யாராச்சும் வரைவாங்களா?" என்று சிரித்தபடி அந்தத் தாளை வாங்கிய நைனா, சிரிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். "பெருவெரலு தேஞ்ச எடங்கூட இருக்குதே" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை. மண்டியில் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அத்தை படித்த பெண்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் தளவானூர்க்காரர். முப்பது வயதிருக்கும், மணமாகாதவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். நைனாவின் அனுமதியோடு ஞாயிறுதோறும் காலையில் வந்து கூடத்தில் அமர்ந்து, அம்மாவும் உடனிருக்க, அத்தை அந்த வாரம் வரைந்தவற்றைத் திருத்திக் கொடுப்பார். அவர்தான் சென்னையில் ஓவிய ஆசிரியர்களுக்கென்று இரண்டாண்டுப் பயிற்சி இருப்பதைச் சொன்னவர். ஒரே ஓர் ஓவியம் அனுப்ப வேண்டும். பொருள்களை எதிரில் வைத்து, நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும். அப்படித்தான் வரையப்பட்டது என்று கற்பித்தவர் கையொப்பமிட வேண்டும். இடம் கிடைத்தால் விடுதி உண்டு. முடித்தால் பள்ளியில் வேலை உண்டு.

"எடம் கெடச்சா அப்பறம் பாக்கலாம்" என்றார் நைனா. அவர் அகராதியில் அது சம்மதத்துக்கு மிக அருகில் இருந்த சொல். மறுபுறம் பெரியப்பா வந்தவாசியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். இடம் கிடைத்தால் சென்னை, கிடைக்காவிட்டால் தை மாதத்தில் கல்யாணம். இந்தக் கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எந்தெந்தப் பொருள்களை வைப்பது என்று பேச்சு வந்தபோது அந்த ஓவிய மாஸ்டர் சொன்னவை எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன. "ராஜாவ வரஞ்சா எல்லாரும் ராஜாவத்தாம்மா பாப்பாங்க. சொம்ப வரஞ்சா, நீ அத எப்பிடிப் பாத்தன்னு பாப்பாங்க. அதான் இதுல கஷ்டம்." பிறகு விரல்விட்டு எண்ணினார். பளபளப்புக்கு ஓர் உலோகப் பாத்திரம். மடிப்புக்கு ஒரு துணி. நிறத்துக்கு ஒரு பழம். கடைசி விரலில் நிறுத்தி, "தோலுக்கு வெங்காயம் வெப்பாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், கிழிஞ்சும் இருக்கும், உள்ளாற இன்னொரு தோலு தெரியும். அத ஒழுங்காப் போட்டுட்டா சீட்டு உறுதி" என்றவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க வூட்டுல வேணாம். ஒரு கொய்யா வெச்சுக்கலாம்."

 அன்று மாலை அத்தை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "சந்தைல ஒரே ஒரு வெங்காயம் வாங்கியாறியாடா? பெருசா, தோலு உரியாம, வாலோட இருக்கணும்" என்றாள். "படம் முடிஞ்சதும் கொண்டுபோயி மண்ணுல வெச்சிடலாம். வெட்டப் போறதில்ல, திங்கப் போறதில்ல. உயிருக்கு ஒண்ணும் ஆவாது."

இந்த வாதம் எனக்கு நியாயமாகவே பட்டது. வகுப்புத் தலைவனிடம் ஒரு முக்கியமான பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்ற பெருமையும் இருந்தது.

வாரச்சந்தையில் வெங்காயம் விற்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாடா இது, நயினாரு வூட்டுப் புள்ள வெங்காயம் கேக்குது! சாம்பாருக்கா, பஜ்ஜிக்கா? உங்க பெரியப்பாருக்குத் தெரிஞ்சா சந்தையே காலி பண்ணிடுவாரே!" பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் மார்பை நிமிர்த்தி, "பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். "ஓ, லீடரு!" என்று நாடாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குவியலைக் கிளறி, செம்பருத்தி நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கால்சட்டைப் பையில் அது ஒரு தவளையைப் போல உப்பிக்கொண்டு நின்றது.

மாடி அறையில் அத்தை எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தாள். மணையின் மேல் புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பு, தண்ணீர் வடிகட்டிப் பழுத்துப்போன பழைய வெள்ளைத் துணி, பிளந்த மாதுளை. வெங்காயத்தை நீட்டினேன். வாங்கக் கையெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை.

"நீயே புடிச்சிரு. சன்னலோரம் நில்லு. கைய நீட்டு. அசையாத."

நின்றேன். தோலுக்குள் வெயில் புகுந்து என் விரல்களின் மேல் ரோஜா நிறத்தில் விழுந்தது. அத்தை ஒரு கண்ணைச் சுருக்கி அளவெடுத்தாள். அவள் பார்த்தது வெங்காயத்தை அன்று, என்னையும் அன்று; செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை வலிக்குது அத்தை" என்றேன். "இன்னும் கொஞ்சம் நேரண்டா, லீடரு" என்று சொல்லிப் பென்சிலை வேகமாக ஓட்டினாள். பிறகு எழுந்து வந்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெங்காயத்தைத் தன் கையாலேயே வாங்கி மணையில் வைத்தாள். வைத்தபின் விரல்களை முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் அம்மாவோடு மாடிக்கு வந்து பார்த்தபோது அத்தை வெங்காயத்தின் மேல் துணியைப் போட்டு மூடியிருந்தாள். படத்தில் அது பென்சில் கோடாக இருந்தது. அம்மாவுக்கு அது இன்னொரு பழமாகப் பட்டிருக்கும். அம்மா முன்னால் இறங்கியதும் மாஸ்டர் படியில் என் காதருகே குனிந்து, "சரக்கு யாரு கொண்டாந்தது? லீடரா?" என்றார். தலையை ஆட்டினேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் ஓவியம் வரைவதற்கு ஓர் இடையூறு இருந்தது. வேறெந்த வீட்டிலும் அது இருந்திராது. அந்த அறைக்கு மேற்கே சன்னல். பொழுது இறங்கும்போதுதான் வெளிச்சம் சாய்ந்து வந்து செம்பின் விளிம்பில் ஏறும். மாதுளை முத்துகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொள்ளும். அதே நேரத்தில்தான் கீழே அடுப்படியில் அம்மா, "இன்னா பண்ற மேல? பொழுது போவுது!" என்று குரல் கொடுப்பார். இருட்டுவதற்குள் எல்லோரும் உண்டு முடித்திருக்க வேண்டும். அத்தை தூரிகையைத் துடைத்துவிட்டு ஓடுவாள். நாளொன்றுக்கு அவளுக்குக் கிடைத்தது கால் மணி நேர வெளிச்சம். மாஸ்டர் கொடுத்த மிச்ச எண்ணெய் வண்ணக் குழாய்களை நசுக்கி நசுக்கி, இருபது நாளுக்கு மேல் அந்தக் கால் மணி நேரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பொருள்கள் அதற்குள் தம் வேலையைப் பார்த்தன. மாதுளை சுருங்கியது. செம்பு கறுத்தது. வெங்காயத்தின் உச்சியில் ஒருநாள் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. மூன்று நாளில் அது விரல் உயரம் வளர்ந்துவிட்டது. "அசையாத பொருளுன்னாரு மாஸ்டரு. இது செடியாயிட்டு இருக்குது" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு படத்திலும் அந்தத் தளிரைச் சேர்த்தாள்.

படம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பெரியப்பா வந்தார். வந்தவாசிக்காரர்கள் பெண் பார்க்க வந்தால் மாடி அறையில் உட்கார வைக்கலாமா என்று பார்க்கப் படியேறியவர், பாதியிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். அத்தை அடுப்படியில் இருந்தாள். படம் சுவரோரம் துணி போர்த்தி நின்றது. மணையின் மேல் தளிரோடு வெங்காயம் உட்கார்ந்திருந்தது.

பெரியப்பா கத்தவில்லை. மண்டிக்கு ஆள் அனுப்பி நைனாவை வரவழைத்தார். எல்லோரும் மாடியில் கூடினோம். அத்தை மாவுக் கையோடு ஓரமாக நின்றாள்.

"யாரு இத்த வூட்டுக்குள்ள கொணாந்தது?"

அம்மா சத்தியம் செய்தார். அத்தை வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, "நீ வாசல் தாண்டறதில்ல, உன்ன நான் கேக்கல. கொணாந்து குடுத்தது யாருன்னுதான் கேக்கறேன்" என்றார். பிறகு நைனாவிடம் திரும்பினார். "புள்ளையக் கேளு தம்பி. அவன் பொய் சொல்ல மாட்டான்னு நீதான ஊருல சொல்லிகினு இருக்குற."

நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். அதில் முழு நம்பிக்கை இருந்தது.

"நீ வாங்கியாந்தியாடா?"

"இல்ல நைனா."

"யாரு கொணாந்ததுன்னு தெரியுமா?"

"தெரியாது."

அவ்வளவுதான் நான் சொன்னது. இரண்டு பதில்கள்.

அத்தை என்னைப் பார்த்தாள். ஒரு கண்ணைச் சற்றே சுருக்கி, செம்பை அளவெடுப்பாளே, அப்படிப் பார்த்தாள். கோபமாக எனக்குப் படவில்லை. நான் குனிந்து நாடாவைச் சரிசெய்துகொண்டேன்.

"அப்ப வெளியாளு யாரு வராங்க இந்த வூட்டுக்கு?" என்றார் பெரியப்பா.  அதற்குப் பதில் தேவைப்படவில்லை. வெங்காயம் புழங்கும் வீட்டிலிருந்து எங்கள் கூடத்துக்கு வந்து போனவர் ஒருவரே. "படத்தத் தெற. அப்பிடி இன்னாதான் வரஞ்சிருக்குதுன்னு பாப்போம்."

துணியை எடுக்கப்போன அம்மாவை முந்திக்கொண்டு அத்தை போய், பலகையை அப்படியே தூக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் பெரியப்பாவின் சொல்லை எதிர்த்து ஒருவர் அசைந்ததை நான் பார்த்தது அதுவே முதல்முறை.

"திருப்பு."

"ஈரமா இருக்குது, பெரியண்ணா. எண்ணெ. துணில பட்டா போவாது."

பெரியப்பா தம் வெள்ளை வேட்டியைப் பார்த்தார், ஓரடி பின்வாங்கினார். வெங்காயத்தைப் படத்திலும் பார்க்க வேண்டுமா என்று அருவருப்போடு கையை உதறிவிட்டு இறங்கிப்போனார். தளிரைத் தவிர அந்தப் படம் முழுவதும் அதற்கு ஒரு வாரம் முன்பே காய்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். வெங்காயத்தை வரைந்த வெட்கத்தால் மறைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நான் பொய் சொன்ன அதே அறையில் அவளும் ஒரு பொய் சொல்லிவிட்டதால் இருவரும் சமமாகிவிட்டோம் என்றும் ஒரு கணக்குப் போட்டேன்.

வெங்காயத்தை வெளியேற்றும் பொறுப்பும் எனக்கே வந்தது. சந்தையில் வெறுங்கையால் வாங்கிவந்த பொருளை, பெரியப்பாவின் கண்ணெதிரில் வாழையிலைத் துண்டால் பற்றி, கையை நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கிச் சென்றேன். அந்தச் சுளிப்பை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கோட்டை அகழிக் கரையில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை எனக்குச் சோறு போடும்போது அத்தை கேட்டாள். "எங்கடா போட்ட?"

"அகழிக்கிட்ட."

"தண்ணிலயா, மண்ணுலயா?"

"மண்ணுல."

"சரி" என்றாள். அது பற்றி அவள் என்னிடம் கேட்டது அந்த இரண்டு கேள்விகள்தாம்.

மறுநாள் ஞாயிறு. மாஸ்டர் வழக்கம்போல வந்தார். நைனா அவரை உட்காரச் சொல்லவில்லை. "வெங்காயம் யாரு வேல மாஸ்டர்?" என்று கேட்டார். மாஸ்டர் கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார். பிறகு தூணருகே நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை நெடுநேரம் நீடித்ததாக இப்போது தோன்றுகிறது. உண்மையில் ஒரு நொடிதான் இருக்கும்.

"நாந்தாங்க" என்றார். "நயினாரு வூட்டுல அது ஆவாதுன்னு எனக்குத்தான் புத்தி இருந்திருக்கணும். மன்னிச்சிருங்க."

அம்மா கொண்டுவந்த மோரைக் குடிக்காமல் திரும்பி நடந்தவர், என்னருகில் வந்தபோது, "நல்லாப் படி, லீடரு" என்றார். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே நான் சொன்னது முழுப் பொய் ஆகாது என்று எனக்குள் ஓர் ஆறுதல் பிறந்தது.

ஊர்ப்பேச்சு அந்த வாரமே கிளம்பியது. நயினார் வீட்டுப் பெண்ணுக்கு மாஸ்டர் ரகசியமாக வெங்காயம் கொடுத்தாராம், அவள் மாடியில் உட்கார்ந்து தின்றாளாம், வெங்காயம் மட்டுந்தான் கொடுத்தாரா என்று ஒரு கேள்வியோடு அந்தப் பேச்சு முடியும். மாஸ்டர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். படம் கையொப்பமில்லாமல் நின்றது.

"கொய்யாப்பழம் வெச்சு வேற ஒண்ணு வரையேன் அத்தை" என்று நான் பெருந்தன்மையோடு யோசனை சொன்னேன்.

"வரையலாம். மாஸ்டரு இல்லாம கையெழுத்து யாருடா போடுவாங்க? நீ போடுறியா?"

அதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். அத்தை சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தை மாதத்தில் வந்தவாசிக்குப் போனாள். சீர்வரிசையாகப் போன பித்தளைப் பாத்திரங்களுக்கிடையில் அந்தச் செம்பும், வடிகட்டித் துணியில் சுற்றிய அந்தப் பலகையும் போயின.

சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது, நூலகத்தில் ஐரோப்பிய ஓவியங்கள் அடங்கிய பெரிய நூல் ஒன்று என் கைக்கு வந்தது. மன்னர்களையும் புனிதர்களையும் தாண்டி வந்தபின், மேசைமேல் வைத்த பொருள்கள் மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தன. சாம்பலில் புதைந்துபோன ரோமானிய நகரத்துச் சுவரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழம். கல்லறைச் சுவர்களில் இறந்தவர்களுக்காக எகிப்தியர் தீட்டிவைத்த உணவு. பின்னர் நெதர்லாந்து நாட்டு வணிகர்களின் வீடுகளுக்காக வரைந்தவை: பாதி உரித்த எலுமிச்சையின் தோல் மேசை விளிம்பில் தொங்குகிறது, ஒரு கோப்பை சாய்ந்து கிடக்கிறது, பழத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. வணிகக் குடியில் பிறந்தவன் என்பதால் அந்த வீடுகள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஓவிய வகைகளிலேயே கடைசிப் படியில் இதை வைத்தார்களாம். மனித உடலைப் பார்த்து வரையும் கூடங்களுக்குள் பெண்களை விடாத காலத்தில், அவர்களுக்குத் திறந்திருந்த சில கதவுகளில் இதுவும் ஒன்றாம். ஒரு பெண் தான் வரைந்த பொற்கோப்பையின் குமிழ்களில் தன் முகத்தையே கடுகளவில் வரைந்து வைத்திருந்தாள். பளபளக்கும் பாத்திரத்தை உள்ளபடி வரைகிறவர், அதில் தெரியும் அறையையும் வரைய வேண்டும்; அறையில் நின்றவரையும் வரைய வேண்டும் என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது.

அதைப் படித்ததும் நூலை மூடிவிட்டேன். ஏன் மூடினேன் என்பதை அன்று ஆராயவில்லை. வந்தவாசி வீட்டில் அந்தப் படத்தைக் காட்டும்படி நான் ஒருமுறையும் கேட்டதில்லை. எத்தனையோ முறை அங்கே உண்டிருக்கிறேன். நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் போயிருந்தபோது, பொழுது சாயும் முன் இலை போட்டுவிட்டு, "அந்தச் செவப்பு நாடாவ இன்னும் வெச்சிருக்கியாடா?" என்று அத்தை கேட்டாள். அவளாகவே எனக்குக் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. என் பாராட்டு விழாவில் யார் யார் பேசினார்கள் என்பதைச் சொல்லத் தொடங்கினேன். அவளும் ஒவ்வொருவர் பெயரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

சென்ற மார்கழியில் அத்தை காலமானாள். பதினாறாம் நாளுக்குப் பின் அவளுடைய பேத்தி அலமாரியை ஒழித்தபோது அந்தப் பலகை கிடைத்திருக்கிறது. படமெடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் சுவரைப் பார்த்து நின்ற முகத்தை அப்போதுதான் முதன்முறையாக முழுதாகப் பார்த்தேன்.

அந்தத் துணியில் தண்ணீர்க் கறை இருக்கிறது. மாதுளையின் முத்துகளில் சிலவற்றில் நீர் வற்றியிருக்கிறது. வெங்காயத்தின் தோல் ஓரிடத்தில் கிழிந்து, உள்ளிருந்து ஈரமான இன்னொரு தோல் எட்டிப் பார்க்கிறது. மாஸ்டர் சொன்னது உண்மை. இடம் உறுதியாகக் கிடைத்திருக்கும். வரலாறு படித்தவன் என்ற முறையில் மட்டுமல்லாமல், வெறும் கண்ணுள்ளவன் என்ற முறையிலும் இதை என்னால் சொல்ல முடியும்.

குழுவில் யாரும் மணைமேல் இருந்த வெங்காயத்தை அவள் வரைந்த விதத்தைப் பற்றிப் பேசவில்லை. யாரோ செம்பைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். செம்பின் வயிற்றில் மேற்குச் சன்னல் வளைந்து தெரிகிறது. சன்னலோரம் நகக்கண் அளவில் ஓர் உருவம், பாத்திரத்தின் வளைவில் உப்பிய தலையோடு, கையை நீட்டி நிற்கிறது. கையில் ஒரு செந்நிறப் புள்ளி. மார்பில் ஒரு சிவப்புக் கீற்று.

"பாட்டியப் பத்தி ஊருல சொன்ன கதை நெஜந்தான் போல" என்று ஒருவன் எழுதியிருந்தான். "கைய நீட்டி வெங்காயம் குடுக்கிறாரு பாருங்க மாஸ்டர்!" என்று இன்னொருவர். "சட்டைல செவப்புப் பென்சில்கூட இருக்குது. கட்டிக்காம வுட்டாலும் படத்துல வெச்சுகினாங்க" என்று மூன்றாவதாக ஒருத்தி, சிரிக்கும் முகங்கள் நான்கைச் சேர்த்து.  மறுநாள் அந்தப் பேத்தி படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டாள்.

பெரியப்பா வந்த அன்று அத்தை பலகையை ஏன் திருப்பினாள் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. துணியை எடுத்திருந்தால் போதும்; மாஸ்டர் தப்பியிருப்பார், கையொப்பம் கிடைத்திருக்கும், அவள் சென்னைக்குப் போயிருப்பாள். நைனாவுக்கு மட்டும் ஒரு நம்பிக்கை போயிருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு கண்ணைச் சுருக்கி அளந்து பார்க்க அவளுக்குக் கிடைத்தது, நான் குனிந்து நாடாவைச் சரிசெய்துகொண்ட அந்தச் சிறிது நேரமே.

குழுவில் எழுதியவர்களுக்கும், இனி எழுதப் போகிறவர்களுக்கும்: அந்தச் செம்பில் தெரிபவர் மாஸ்டர் அல்லர். மார்பில் இருப்பது பென்சில் அன்று; நான்காம் வகுப்புத் தலைவனின் நாடா. வெங்காயத்தைக் கொண்டுவந்தவன் நான்.